ஒன்பது நாள் யாழும் இருபத்து நான்கு ஓலைகளும்

பங்குனித் திங்களின் நிறைமதி நாள். மேற்கே கதிரவன் இறங்கி முடிப்பதற்குள் கிழக்கே சந்திரன் அவசரப்பட்டு ஏறிவிட்டபடியால், வெள்ளாறு நீர் வரும் திசையில் செம்பாகவும் நீர் போகும் திசையில் வெள்ளியாகவும் உருகிக் கிடந்தது. தென்கரையில் கடம்பனூர்க் கோட்டையின் கருங்கல் மதில் தன் நிழலை ஆற்றில் நனைத்துக்கொண்டிருக்க, வடகரையில் பகைவர் பாசறையின் கூடாரங்கள் நாணற்காட்டின் நடுவே வரிசையாக நின்றன. மருத மரங்களில் நாரைகள் இடத்துக்குச் சண்டையிட்டன.

இத்தகைய அந்தியில் ஆற்றை விட்டுவிட்டு மருந்து வாடை வீசும் ஆதுலசாலைக்குள் நுழைவானேன் என்று அன்பு வாசகர்கள் முகம் சுளிக்கலாம். என்ன செய்வது? கோட்டையில் கால் உள்ளவர் அத்தனை பேரும் அன்று அந்த மருத்துவசாலையில்தான் கூடியிருந்தனர். நாம் மட்டும் வெளியே நின்று நாரைகளை எண்ணிக்கொண்டிருந்தால் நாளைக்கு யார் நம்மோடு பேசுவார்கள்?

கூட்டத்துக்குக் காரணம் வரகுணை என்னும் யாழ் வாசிக்கும் நங்கை. நிமிர்ந்த நடை, நீண்ட விரல்கள், எதிலும் விட்டுக்கொடாத வாய். போரில் புண்பட்டவர் அருகே வேப்பிலை செருகி, வெண்கடுகு புகைத்து, காஞ்சிப் பண் பாடுவது பண்டை வழக்கம் அல்லவா? அவ்வழக்கத்தில் மருந்தும் உண்டு, வலி தணியும், உறக்கம் வரும் என்று அவள் அடித்துப் பேசினாள். ஆதுலசாலையின் தலைமை மருத்துவர் நக்கன் பட்டரோ, "நரம்பைத் தடவினால் யாழ் பாடும், புண் ஆறாது" என்று அடித்துப் பேசினார். இருவரும் அடித்துப் பேசியதில் நோயாளிகளின் உறக்கம் இன்னும் கெட்டது.

கோட்டைத் தலைவர் வேள் பொறையனார் ஒரு வழி சொன்னார். "ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கக் குடவோலை போடுகிறோமே, அதையே இங்கும் போடுங்கள். புண்பட்ட வீரர் இருபத்து நால்வர். பெயர்களைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, முதலில் வரும் பன்னிருவர் கிழக்குக் கூடம், மற்றவர் மேற்குக் கூடம். ஒரே மருந்து, ஒரே கஞ்சி. கிழக்கே மட்டும் அந்திதோறும் யாழ். வலி பொறாமல் உறக்கக் குடிநீர் கேட்பவருக்குக் கிண்ணத்துக்கு ஒரு கோடு. ஒன்பது நாள். கிழக்கின் கோடுகள் மேற்கின் கோடுகளில் பாதிக்கு மேற்படாதிருந்தால் யாழ் ஆதுலசாலையில் நிலைக்கும், நங்கையும் நிலைப்பாள். மேற்பட்டால் மறுநாள் காலைப் படகில் யாழும் நங்கையும் வெளியேற வேண்டும்."

ஓலை எடுக்கவும் கோடு போடவும் கொற்றி அமர்த்தப்பட்டாள். மருந்து காய்ச்சும் பெண்களில் மூத்தவள், எழுத்தறியாதவள். எழுத்தறியாவிட்டால் என்ன, யார் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது போன்ற செய்திகளை அவளைக் கேட்டுத்தான் நாமே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அவள் சொன்ன செய்தி இது. மேற்குக் கூடத்தில் காரி என்றொரு வீரன். போர்க்களத்தில் நம் படையின் கச்சையோடு, இடது தோளில் அம்போடு கிடந்தவன். குடவோலை நாளில் அவன் பெயர் மேற்கே விழுந்ததும் வரகுணையின் முகம் வாடிற்று. அதன்பின் காலைதோறும், நடை பழகும் சாக்கில் அவன் வேப்பமரத்தடிக்கு வர, யாழுக்கு வெயில் காட்டும் சாக்கில் அவளும் வந்தாள். யாழுக்கு எதற்கு வெயில் என்று கொற்றி கேட்கவில்லை. நாமும் கேட்க வேண்டாம்.

பத்தாம் நாளாகிய அன்று காலையும் இருவரும் அங்கே இருந்தார்கள்.

"இன்று தீர்ப்பாமே. அஞ்சுகிறாயா?" என்றான் காரி.

"கணக்கு என்னிடம் இருக்கும்போது எனக்கேன் அச்சம்? அஞ்ச வேண்டியவர் பட்டர்."

"அப்படியானால் நல்லது" என்று மரத்தில் சாய்ந்து, தன்னை மறந்து ஓர் இசையை முணுமுணுத்தான்.

யாழைத் துடைத்துக்கொண்டிருந்த வரகுணையின் விரல்கள் நின்றன. முந்தைய அந்தியில் கிழக்குக் கூடத்தில், வாசிப்பின் நடுவே, அவளுக்கே புதிதாக விரலில் வந்து விழுந்த வளைவு அது. அதற்கு முன் உலகில் எவரும் அதைக் கேட்டதில்லை. இரு கூடங்களுக்கும் இடையே அகன்ற முற்றமும் மூன்று கற்சுவர்களும் இருந்தன.

அவள் எழுந்து கொற்றியிடம் ஓடினாள்.

"கொற்றி அக்கா, கோட்டு ஓலையைக் காட்டு."

"இப்பப் பார்த்து என்ன ஆகப்போகுது? அந்தியில எல்லாருந்தான் பார்க்கப்போறோம். உன் பக்கம் இருபத்தொண்ணு, அந்தப் பக்கம் முப்பத்தெட்டு. ரெண்டே ரெண்டு கிண்ணத்துல கவுத்துட்டானுங்கடி, பாவிப் பசங்க."

"நாள் நாளாகக் காட்டு."

கிழக்கே எல்லா நாளும் இரண்டு, மூன்று. மேற்கேயும் அப்படியே இரண்டு, மூன்று. ஆனால் நான்காம் நாள் பத்து, ஏழாம் நாள் பதினொன்று.

"நான்காம் நாளும் ஏழாம் நாளும் மேற்குக் கூடத்தில் என்ன நடந்தது?"

"என்னத்த நடக்கும்? பட்டரு அந்தக் காரியை மட்டும் அந்தி நேரத்துல சூட்டுக்கோல் அறைக்குக் கூட்டிட்டுப் போனாரு, தோளுக்குக் கட்டு மாத்த. அவன் கத்தக்கூட இல்லையாம். ஏன்டி, முகம் இப்படி வெளுத்துப்போச்சு?"

வரகுணை மேற்குக் கூடத்துக்கு நடந்தாள். வெள்ளாற்று நீரைக் கோட்டைக்குள் கொண்டுவரும் கால்வாய் ஒன்று மதிலடியில் புகுந்து, மேற்குக் கூடத்தின் கீழும் பின் கிழக்குக் கூடத்தின் கீழும் ஓடுகிறது. கிழக்கே நீர் மொள்ளும் துளை எப்போதும் திறந்திருக்கும். குளிர்ச்சிக்காக அதன் ஓரத்தில்தான் அவள் அமர்ந்து வாசிப்பது. மேற்கே அத்துளையைப் பலகைக் கல்லால் மூடி வைத்திருந்தார்கள். அக்கல்லை ஒட்டித்தான் காரியின் கட்டில். கல்லின் விளிம்பில் புதிய உராய்வுகள். குனிந்து விரலால் தொட்டாள். விரலில் ஈரத்தோடு இரும்புத் தூள் ஒட்டிற்று.

பங்குனியில் கால்வாயில் முழங்காலளவே நீர் இருக்கும். மதிலடியில் அதற்கொரு இரும்புக் கம்பிக் கதவு உண்டு. அந்திதோறும் ஆதுலசாலைப் பணியாளர் அனைவரும் யாழ் கேட்கக் கிழக்கே கூடிவிட, ஒருவன் மட்டும் கல்லைத் தூக்கிவிட்டு உள்ளே இறங்கியிருக்கிறான். அரத்தின் ஓசை வெளியே வராமல் யாழ் காத்தது. யாழின் ஓசையோ, திறந்த துளை வழியே மேற்குக் கூடத்துக்குள் தாராளமாக வந்துவிட்டது.

அவளுடைய பண் தோற்கவில்லை. இரண்டு கூடங்களிலும் வென்றிருந்தது. அதை மெய்ப்பிக்க வேண்டுமானால் ஒருவனைக் கழுமரத்துக்கு அனுப்ப வேண்டும். மறைத்தால், விடிந்ததும் யாழோடு படகேற வேண்டும். இந்த இரண்டையும் நெஞ்சில் சுமந்துகொண்டு அவள் அந்தி வரை எப்படி இருந்தாள் என்பதை நினைத்தால் நமக்கே மூச்சு முட்டுகிறது.

நடக்க இயலாதவர்களும் கேட்க வேண்டும் என்பதற்காகத் தீர்ப்பு மேற்குக் கூடத்திலேயே கூடியது. வேள் பொறையனார் நடுவே ஆசனத்தில் அமர்ந்தார். பட்டர் ஓலையை வாங்கி, வெற்றி பெற்றவர்களுக்கே உரிய அடக்கத்துடன், அதாவது கூடம் முழுவதும் அதிரும்படி, எண்களைப் படித்தார்.

"பாதி என்றால் பத்தொன்பது, தேவரீர். கிழக்கில் இருபத்தொன்று. நங்கையின் யாழ் இனிது. அடியேன் இல்லத் திருமணத்துக்கு அவசியம் அழைப்பேன். ஆதுலசாலைக்கு அது வேண்டியதில்லை."

சிரிப்பு எழுந்தது. வேள் கையமர்த்தினார். "வரகுணை, மறுமொழி உண்டா?"

"உண்டு, தேவரீர். சோதனை பழுதுபட்டது. மேற்குக் கூடமும் யாழ் கேட்டிருக்கிறது. கேளாதிருந்தவை இரண்டே நாள்கள். அவ்விரு நாள்களின் கோடுகளைப் பாருங்கள்."

"முற்றம் தாண்டி, சுவர் தாண்டி, உன் யாழ் நடந்து வந்ததா?" என்றார் பட்டர்.

அவள் வாய் திறந்தாள். கூடத்தின் மூலையில், பலகைக் கல்லின் அருகே, கட்டுப் போட்ட தோளோடு நின்ற காரியை அவள் பார்வை தொட்டது. அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் கெஞ்சுதல் இல்லை என்பதுதான் அவளை வீழ்த்தியது.

"எப்படி வந்தது என்பதை என்னால் சொல்ல இயலாது."

"சொல்ல இயலாததை நான் எப்படி ஏற்பேன், மகளே?" வேளின் குரலில் வருத்தமே இருந்தது. "படகு விடியலில் புறப்படும்."

"படகு வேண்டாம்" என்றது மூலையிலிருந்து ஒரு குரல். "கல்லைத் தூக்கியவன் நான்."

காரி குனிந்து, ஒரு கையாலேயே பலகைக் கல்லைப் புரட்டினான். கீழே நீரின் சலசலப்பு கேட்டது.

"அந்திதோறும் இவ்வழியே யாழ் இங்கு வந்தது. நான் இல்லாத இரு நாள்களில் வரவில்லை. நங்கையின் கணக்கில் பிழை இல்லை."

மேற்குக் கூடத்து வீரர் பதினொருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அவர்களில் மீசை பெருத்த ஒருவர் கட்டிலில் எழுந்தமர்ந்து, "அவன் மேல தப்பு இல்லீங்க சாமி. எங்களுக்கும் பாட்டுக் கேக்கட்டுமேன்னு தொறந்து வச்சான். வெளியில சொன்னா மூடிப்புடுவாங்கன்னு நாங்கதான் வாயைத் தெறக்கல" என்றார்.

"உங்களிடம் அப்படித்தான் சொன்னேன், அண்ணே. மன்னியுங்கள்" என்ற காரி, வேளை நோக்கி நிமிர்ந்தான். "கல்லின் கீழே மதிற்கம்பிகளை அறுத்தவனும் நானே. வடகரைப் பாசறையின் தலைவன், வெண்ணாவல் நாட்டு இளவரசன் சேந்தன் என்பது என் பெயர். நாளை அந்தியில் யாழ் தொடங்கியதும் இவ்வழியே என் படை வருவதாக இருந்தது. இனி வராது, வழியை நானே காட்டிக்கொடுத்துவிட்டேன்."

"பிடியுங்கள்" என்றார் வேள்.

காவலர் பாய்ந்தார்கள். பாய்ந்து எங்கே போவது? பன்னிரண்டு கட்டில்கள், கட்டுப் போட்ட கால்கள், கஞ்சிக் கலயங்கள். மீசைக்காரர் மரப்பட்டை வைத்துக் கட்டிய தம் கால் மடக்க வராது என்று பிற்பாடு ஆணையிட்டுச் சொன்னார். அந்தக் கால் ஏன் சரியாக அந்த வேளையில் குறுக்கே நீண்டது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

துளையின் விளிம்பில் நின்ற சேந்தன் வரகுணையை நோக்கினான். "நங்கையே, இந்தப் புண் மேல் ஆணை. படையோடு இக்கோட்டைக்குள் நுழையேன். மீண்டும் வந்தால் தலைவாயில் வழியே, சொந்தப் பெயரோடு, நோயாளியாகவே வருவேன்."

அடுத்த கணம் அவன் அங்கே இல்லை. வரகுணை மதிற் சாளரத்துக்கு ஓடினாள். நிலவு உருக்கிய வெள்ளியை ஒற்றைக் கையால் பிளந்துகொண்டு ஒரு தலை வடகரை நோக்கிப் போயிற்று. அம்புகள் அதன் பின்னே விழுந்தன. ஒன்றுகூட அதன் மேல் விழவில்லை.

வேள் அவள் பின்னே வந்து நின்றார். "உனக்கு எப்போது தெரியும்?"

"இன்று காலை முதல், தேவரீர்."

"அதற்குத் தண்டனை உண்டு. இங்குள்ள கடைசிப் புண் ஆறும் வரை நீ இக்கோட்டையை விட்டு நகரக் கூடாது." அவர் பெருமூச்சு விட்டார். "யாழ் வென்றதாகவே எழுதிக்கொள்ளுங்கள், பட்டரே."

"கூடாது, தேவரீர்" என்றாள் வரகுணை.

பட்டரே திடுக்கிட்டார்.

"இரண்டு நாள் கணக்கை வைத்து வென்றேன் என்றால், பட்டர் சிரிப்பார், சிரிப்பதும் நியாயம். துளையை அடைத்துவிட்டு, குடத்தை மீண்டும் குலுக்குவோம்."

பட்டர் அவளை முதன்முறையாக ஒரு மருத்துவரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

மறுநாள் காலை கம்பிக் கதவு இருந்த இடத்தில் கொத்தர்கள் கல் அடுக்கி, கையளவு சல்லடை மட்டும் விட்டார்கள். மேற்குத் துளையைச் சுண்ணச்சாந்தால் பூசினார்கள். ஓலைகளை எண்ணிய பட்டர் முணுமுணுத்தார். "இருபத்து மூன்று. சரிபாதியாகப் பிரிக்க முடியாதே."

"காரியின் ஓலையையும் போடுங்கள். நோயாளியாக வருவதாகச் சொல்லிச் சென்றவர்தானே" என்றாள் வரகுணை, முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல்.

கொற்றி குடத்துக்குள் கைவிட்டாள். பதினோராவதாக எடுத்த ஓலையைப் பட்டர் படிக்கும் முன்பே அவள் இளித்தாள். காரியின் பெயர் எழுதிய அந்த ஓலையின் மூலை மடிந்திருந்தது. வரகுணை அதை வாங்கி, மடிப்பை நீவிவிட்டு, குடத்தில் இட்டு, முன்னிலும் வேகமாகக் குலுக்கினாள். இம்முறை காரி மேற்கே விழுந்தான். கொற்றி தலையில் அடித்துக்கொண்டாள்.

முதல் நாளாகிய அன்றைய கணக்கு: கிழக்கே இரண்டு கோடு, மேற்கே ஒன்பது. ஒன்பதாம் நாள் முடிவில் பட்டர் தாமே யாழைக் கொண்டுபோய் மேற்குக் கூடத்தில் வைத்தார். யாரிடமும் அதைப்பற்றி ஒரு சொல் பேசவில்லை. நாமும் பேசி அவரை நோகடிக்க வேண்டாம்.

பேச வேண்டியது வேறொன்று. மறுநாள் மீன் விற்கும் படகுக்காரனிடமிருந்து கொற்றி செய்தி கறந்துகொண்டு ஓடிவந்தாள்.

"அடி வரகுணை, கேட்டியா சேதியை? வடகரைப் பாசறையிலயும் புண்பட்டவனுங்களுக்கு யாழ் வாசிக்கிறாங்களாம். பேரை எல்லாம் ஓலையில எழுதிக் குடத்துல போட்டுக் குலுக்கினாங்களாம். அங்கேயும் ஒத்தைப்படையாப் போச்சாம். இளவரசரு ஒரு பேரு சேர்க்கச் சொன்னாராம்."

வரகுணை நரம்பை முறுக்கிக்கொண்டே, நிமிராமல் கேட்டாள். "யார் பெயராம்?"

"யாரு பேராம், கேக்குறா பாரு. பொம்பளை நோயாளி ஒருத்தியும் இல்லாத பாசறையில, வரகுணைங்கற பேரு எதுக்குன்னு படகுக்காரனே முழிக்கிறான்."

வரகுணை அடுத்த நரம்புக்கு மாறினாள்.

"எந்தக் கூடாரத்தில் விழுந்ததாம்?"

"யாழ் இல்லாத கூடாரத்துல."

வரகுணை முதலில் உதட்டைக் கடித்தாள். பிறகு அடக்க மாட்டாமல், ஆதுலசாலை முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டாள்.

"அவரும் மூலையை மடிக்கவில்லை, அக்கா" என்றாள்.