டீ இயந்திரம் சொன்ன வைத்தியம்

செவ்வாய்க் கிரகத்தின் நான்காம் குடியிருப்புக் கூண்டில் வேலைக்குப் போகிறவர்கள் கையெழுத்துப் போடுவதில்லை, தலையைக் கொடுக்கிறார்கள். இலைக்கூடத்தின் வாசலில் சுவரில் பதித்த வளையம் ஒன்று உண்டு. அதற்குள் தலையை நுழைத்து மூன்று முறை உலுக்க வேண்டும். உதிர்மானி என்னும் கருவி, விழும் செதில்களை எண்ணும். நாற்பதுக்குள் இருந்தால் கதவு திறக்கும். கூண்டுக்கே மூச்சுக்காற்று தரும் செடிகள் உள்ளேதான் வளர்கின்றன. காற்றுச் சல்லடையை மனிதத் தூள் அடைத்துவிடக் கூடாது.

தங்கபுஷ்பத்துக்கு அன்று தொண்ணூற்றிரண்டு வந்தது.

"ஒரு மாதம் அவகாசம். குறையாவிட்டால் கழிவுநீர்ப் பிரிவு," என்றது கதவு.

பதினோரு வருடமாகக் கத்தரி நாற்றுகளைக் கைப்பிள்ளையாக வளர்த்தவள். கழிவுநீர்ப் பிரிவு என்றதுமே தலை இன்னும் அரித்தது.

நேரே தோல் மருத்துவ இயந்திரத்திடம் போனாள். அது ஒரு நொடி பார்த்தது. "சாதாரணப் பொடுகு. பூஞ்சைதான் காரணம். இந்த ஷாம்பூவை வாரம் இரண்டு முறை தேய்த்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். எண்ணெய் வேண்டாம்."

"அவ்வளவுதானா? ஊசி?"

"வேண்டாம்."

"பத்தியம்?"

"இல்லை."

ஷாம்பூவை வாங்கிவந்து அலமாரியில் வைத்தாள். விஷயத்தைக் கேட்ட அடுத்த அறைப் பாக்கியசீலி சிரித்தாள்.

"அது மனப்பாடமா ஒப்பிக்கி மதினி. அதுக்கு மண்டை உண்டா, மயிரு உண்டா? எங்க கொழுந்தியா வெங்காயச் சாறுதான் தேச்சா. இப்பப் பாருங்க, முடி கருகருன்னு கெடக்கு!"

வெங்காயச் சாறு தேய்த்தாள், நூற்றுப்பத்து. மேல்தளத்துக்காரர் சொன்ன வேப்பெண்ணெய் தேய்த்தாள், நூற்று நாற்பது. பதினாறு நாள் போய்விட்டது.

பதினேழாம் நாள், உணவுக்கூடத்து டீ இயந்திரத்தின் முன் தலையைச் சொறிந்தபடி நின்றாள். நான்காம் கூண்டின் எல்லா இயந்திரங்களுக்கும் மூளை ஒன்றுதான். அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. டம்ளரை நிரப்பிக்கொண்டே அது குரலைத் தாழ்த்தியது.

"நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்கக்கா. ரெண்டாம் கூண்டுல ஒருத்தங்களுக்கு இதே அரிப்பு. என்னென்னமோ பண்ணிப் பாத்தாங்களாம். கடைசில ஒரு ஷாம்பூலதான் அடங்குச்சாம். அஞ்சு நிமிஷம் ஊறவிடணுமாம், எண்ணெயத் தொடவே கூடாதாம்."

"அவ்வொ எந்த ஊரு?"

"பூர்வீகம் சாத்தான்குளம் பக்கம்."

"அப்பச் சரியாத்தான் இருக்கும்!"

அன்றே அலமாரியைத் திறந்தாள். முப்பதாம் நாள் வளையத்துக்குள் தலையை நுழைத்து உலுக்கினாள். முப்பத்தொன்று. கதவு திறந்தது.

சங்கதி பரவியது. படர்தாமரை, சேற்றுப்புண், வியர்க்குரு என்று டீ இயந்திரத்தின் முன் வரிசை நீண்டது. பலருக்கும் குணம் தெரிந்தது. மகிழ்ந்துபோன நிர்வாகம் அதன்மேல் பலகை ஒன்றை மாட்டியது: 'அங்கீகரிக்கப்பட்ட தோல் மருத்துவர்.'

மறுநாள் வரிசையே இல்லை. முழங்கையில் தடிப்பு என்று வந்த பாக்கியசீலியைத் தங்கபுஷ்பம் பலகையருகே தடுத்து நிறுத்தினாள்.

"ஏட்டி, இதுவும் டாக்டராயிட்டு பாத்தியா. இனி நம்மகிட்ட மனசு விட்டா பேசும்? வா, லிப்டுகிட்ட கேப்போம்."

கதவைத் திறந்துகொண்டே லிப்ட் சொன்னது: "மூணாம் கூண்டுல ஒருத்தங்களுக்கும் இப்படித்தான்கா தடிச்சுது..."