அழகான படம்

மிளகுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும். அப்புறம் காது. காதும் சிவந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் ஒதுங்கிக்கொள்வது நல்லது. படிப்பது ஐந்தாம் வகுப்புதான். உருவம் சின்னது, காரம் பெரிது. அதனால்தான் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நீச்சல் குளத்தின் வாசலில் நுழையும்போது அவளுக்குக் கோபமே இல்லை. தோளில் ஒரு நீளக் கம்பு. கம்பின் நுனியில் பஞ்சுப் பந்து. அவளுடைய முழங்கையைப் பிடித்தபடி அக்கா நடந்து வந்தாள்.

அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. ஆனால் தண்ணீரில் இறங்கிவிட்டால் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. ஒரே சிக்கல், சுவர் எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியாது. அதற்குத்தான் மிளகு இருக்கிறாள். அக்கா சுவரை நெருங்கும்போது கரையில் நின்று பஞ்சுப் பந்தால் தலையில் ஒரு தட்டுத் தட்டுவாள். அக்கா சட்டென்று திரும்பிவிடுவாள். கொஞ்சம் முந்தித் தட்டினால் வேகம் போய்விடும். பிந்தினால் மண்டை வீங்கிவிடும்.

"அக்கா தலையில அடிச்சுட்டுக் கைதட்டு வாங்குற தங்கச்சி உலகத்திலேயே நான் ஒருத்திதான்" என்று மிளகு பள்ளியில் பீற்றிக்கொள்வாள்.

அன்று நகரத்தின் இளையோர் அணிக்கு ஆள் எடுக்கும் நாள். அக்காவுக்கு இந்த வருடத்தோடு வயது வரம்பு முடிகிறது. அடுத்த வருடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் பல மாதங்களாக விடிவதற்கு முன்பே எழுந்து, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் மிளகையும் இழுத்துக்கொண்டு பயிற்சிக்கு வந்திருக்கிறாள்.

உள்ளே நுழைந்ததும் அக்கா நின்றுவிட்டாள்.

"என்னடி, தண்ணிச் சத்தமே இல்ல?"

மிளகு எட்டிப் பார்த்தாள். குளத்தில் தண்ணீரே இல்லை. அடியில் இரண்டு பேர் துடைப்பத்தால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

பயிற்சியாளர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எப்போதும் கழுத்தில் விசில் தொங்குவதால் அவரை எல்லோரும் விசில் மாஸ்டர் என்பார்கள். உதட்டையே மறைக்கும் பெரிய மீசை அவருக்கு.

"மாஸ்டர், இன்னிக்குத் தேர்வு இல்லையா?" என்றாள் அக்கா.

"நேத்தே முடிஞ்சு போச்சேம்மா! இன்னிக்குக் குளம் கழுவணும்னு ஒரு நாள் முன்னாடி வச்சுட்டோம். உன்னைத்தான் காணோம்னு தேடினேன். காய்ச்சலோன்னு நினைச்சேன்."

மிளகின் முழங்கையைப் பிடித்திருந்த அக்காவின் விரல்கள் இறுகின. மிளகுதான் பேசினாள்.

"எங்ககிட்ட யாருமே சொல்லலையே!"

"பேஜ்ல போட்டோமே!" என்று டிக்கெட் ஜன்னலில் இருந்து ஒரு குரல் வந்தது. டிக்கெட் கொடுக்கும் அண்ணன்தான். குளத்தின் சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். "மூணு நாள் முன்னாடியே போட்டாச்சு. எத்தனை லைக் தெரியுமா? உங்க அக்காவே லைக் போட்டிருக்காங்க!"

அவர் தன் போனைத் திருப்பிக் காட்டினார். நீலக் கடல், துள்ளும் டால்ஃபின்கள், நட்சத்திரங்கள். நடுவில் மினுமினுக்கும் எழுத்தில் 'தேர்வு நாள் மாற்றம்' என்ற அறிவிப்பு. கீழே லைக் போட்டவர்களில் அக்காவின் பெயரும் இருந்தது.

"பார்த்துட்டு லைக் போட்டுட்டு, இப்ப சொல்லலைன்னா எப்படிம்மா?" என்றார் டிக்கெட் அண்ணன்.

மிளகின் மூக்கு சிவந்தது.

"பார்த்துட்டா? எங்க அக்கா பார்த்துட்டா?"

அக்கா மெதுவாகச் சொன்னாள். "நான்தான் போட்டேன், மிளகு. நம்ம குளத்துப் பக்கத்துல ஏதோ படம் வந்திருக்குன்னு தெரிஞ்சுது. என்ன படம்னு தெரியாது. எல்லாரும் போடுறாங்களேன்னு நானும் போட்டேன்."

அதைக் கேட்டதும் மிளகுக்குக் காதும் சிவந்துவிட்டது. அக்காவின் பையில் இருந்து போனை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "காட்டுக்கா. இவங்க பேஜ் உனக்கு எப்படிக் கேக்குதுன்னு காட்டு."

அக்காவின் போன் திரை எப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும். அவளுக்கு எதற்கு வெளிச்சம்? பேட்டரிதான் வீண். விரலால் தடவத் தடவ, திரையில் இருப்பதைப் போன் வாசித்துச் சொல்லும். அப்படித்தான் அவள் செய்தி படிக்கிறாள், கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறாள், மிளகின் வீட்டுப்பாடத்தில் தப்புக்கூடக் கண்டுபிடிக்கிறாள். படத்துக்குள் வரைந்த எழுத்தை மட்டும் அந்தப் போனால் வாசிக்க முடியாது.

அக்கா விரலை நகர்த்தினாள். போன் பேசியது.

"படம். லைக் பட்டன். கமென்ட் பட்டன். படம். லைக் பட்டன். கமென்ட் பட்டன். படம்..."

"இதுல எது தேர்வு அறிவிப்பு மாஸ்டர்?" என்று கேட்டாள் மிளகு. "நீங்களே சொல்லுங்க. எது?"

விசில் மாஸ்டர் மீசையைத் தடவினார். "ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிட்டிருந்தா நான் எப்பம்மா விசில் ஊதுறது? அதான் எல்லாருக்கும் சேர்த்து..."

"எல்லாருக்கும் இல்ல! கண்ணு தெரியுறவங்களுக்கு மட்டும். பேஜ்ல மேலயே 'எல்லோருக்குமான குளம்'னு போட்டிருக்கீங்க. முதல்ல அதை அழிங்க!"

தரையைத் தேய்த்தவர்கள்கூடத் துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

மாஸ்டர் அக்காவைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். "சரிம்மா. தப்பு எங்க மேலதான். அணிப் பெயர்களை இன்னும் அனுப்பலை. குளம் நிறைஞ்சதும் இன்னொரு தேர்வு வைக்கிறேன். உனக்காக மட்டும் வச்சா மத்தவங்க சண்டைக்கு வருவாங்க. விட்டுப்போன எல்லாரும் வரட்டும். நாளும் நேரமும் சாயங்காலம் பேஜ்ல வரும்."

"படத்துக்கு விளக்கம் எழுத அதுலயே ஒரு இடம் இருக்கு" என்றார் டிக்கெட் அண்ணன், சங்கடமாகச் சிரித்தபடி. "இத்தனை நாளா சும்மாதான் கிடந்துச்சு. இந்தத் தடவை கட்டாயம் எழுதிடறேன்."

வீட்டுக்குப் போகும் வழியில் மிளகு அந்தக் கம்பை வாள் மாதிரி பிடித்துக்கொண்டு நடந்தாள்.

சாயங்காலம் அக்கா கட்டிலில் உட்கார்ந்து போனை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். செவிலியரான அம்மா மருத்துவமனையில் இருந்து திரும்பி, காலணியைக்கூடக் கழற்றாமல் கதவருகே நின்றாள். 'டிங்' என்றது போன்.

"வந்துடுச்சு!" என்றாள் மிளகு.

அக்கா விரலை வைத்தாள். போன் தெளிவான குரலில் வாசித்தது.

"அழகான படம்."

மூவரும் காத்திருந்தார்கள்.

"லைக் பட்டன்" என்றது போன்.

அக்கா இன்னொரு முறை தடவினாள். "அழகான படம்." இன்னும் ஒரு முறை. "அழகான படம்."

முதலில் அக்காவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. எதற்கும் குரலை உயர்த்தாத அக்கா, பக்கத்தில் இருந்த நீச்சல் கண்ணாடியை எடுத்துச் சுவரில் விட்டெறிந்தாள்.

"அழகா இருந்தா எனக்கென்ன? எந்த நாள்? எத்தனை மணி? அதைத்தானே கேட்டேன்!"

அம்மா போனை வாங்கக் கை நீட்டினாள். "குடு கண்ணு, திரையை ஆன் பண்ணு. நான் படிச்சுச் சொல்றேன்."

அக்கா போனைக் கவிழ்த்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"வேணாம்மா. இன்னிக்கு நீ படிப்ப. நாளைக்கு நீ டியூட்டிக்குப் போயிருப்ப, இவ ஸ்கூல்ல இருப்பா. அப்ப யாரு படிப்பா? எனக்கு வர்ற சேதி எனக்கே தெரியணும்."

மிளகு எழுந்தாள். மூலையில் சாத்தியிருந்த கம்பை எடுத்தாள். "வாக்கா. குளம் மூட இன்னும் நேரம் இருக்கு."

"அந்தக் கம்பு எதுக்குடி?" என்றாள் அம்மா பயந்துபோய்.

"தட்டுறதுக்கு" என்றாள் மிளகு.

டிக்கெட் அண்ணன் அவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "விளக்கம் கேட்டுச்சா? போட்டேன் பார்த்தீங்களா?"

"கேட்டுச்சு" என்றாள் மிளகு. "இப்ப கண்ணை மூடுங்க."

"எதுக்கு?"

"மூடுங்கண்ணா."

மூக்கும் காதும் இருந்த நிறத்தைப் பார்த்து அவர் கண்ணை மூடிக்கொண்டார். விசில் மாஸ்டரும் சத்தம் கேட்டு வெளியே வந்தார். மிளகு மேஜைமேல் இருந்த ஒரு தாளை எடுத்து டிக்கெட் அண்ணனின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"என் கையில ஒரு அறிவிப்பு இருக்கு. உங்களுக்கு ரொம்ப முக்கியம். சம்பளம் எந்த நாள்னு போட்டிருக்கு."

"எந்த நாளாம்?"

"அழகான படம்" என்றாள் மிளகு. கம்பை நீட்டிப் பஞ்சுப் பந்தால் அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஏய்! எந்த நாள்னு கேட்டேன்."

"அழகான படம்." இன்னொரு தட்டு.

"விளையாடாதம்மா! எத்தனை மணிக்கு வந்து வாங்கணும், அதையாவது சொல்லு!"

"அழகான படம்!" மூன்றாவது தட்டு கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

டிக்கெட் அண்ணன் கண்ணைத் திறந்தார். தாள் வெறும் வெள்ளைத் தாள். அவர் அதைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். தலையைத் தடவிக்கொண்டே போனை எடுத்தார்.

"மன்னிச்சுக்கம்மா. விளக்கம்னா படம் எப்படி இருக்குன்னு எழுதணும்னு நினைச்சுட்டேன். நானே வரைஞ்ச படமா... அதான் அழகுன்னு..." அவர் இழுத்தார். "என்ன எழுதணும்?"

"யாராவது போன் பண்ணி, அறிவிப்புல என்ன இருக்குன்னு கேட்டா என்ன சொல்வீங்க? அதை எழுதுங்க. டால்ஃபினையும் கடைசியில சொல்லலாம். எனக்குப் பிடிக்கும்" என்றாள் அக்கா.

அவர் எழுதினார். அக்காவின் போன் வாசித்தது.

"இரண்டாம் தேர்வு, செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணி. போன தேர்வுக்கு வராதவர்கள் வரலாம். அடையாள அட்டை கொண்டுவரவும். பின்னணியில் நீலக் கடல், இரண்டு டால்ஃபின்கள்."

"ரெண்டு டால்ஃபினா!" என்றாள் அக்கா.

மிளகு இன்னும் கம்பைக் கீழே வைக்கவில்லை. மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "மாஸ்டர், நீங்க பேசிப் போடுற பயிற்சி வீடியோ இருக்கே, அதுல கீழ எழுத்தே வரலை. மூணாவது லேன்ல நீந்துற பையனுக்குக் காது கேக்காது. உங்க வாயைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கணும். வாயோ மீசைக்குள்ள இருக்கு."

மாஸ்டர் அவசரமாக மீசையைப் பிடித்துக்கொண்டார். "எழுத்தே போட்டுடலாம்மா. மீசை இருக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை குளம் நிறைந்து தளும்பியது. விசில் ஊதியதும் அக்கா பாய்ந்தாள். மிளகு கரையில் குனிந்து, கம்பை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்காவின் கை வந்தது, தோள் வந்தது, தலை வந்தது. டொப்! அக்கா சுருண்டு திரும்பி, சுவரை உதைத்துச் சீறிப் போனாள். மாஸ்டர் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, விசிலை வாயில் வைத்து, நிறுத்த மனமில்லாமல் ஊதிக்கொண்டே இருந்தார். அக்கா அணியில் சேர்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் போன் 'டிங்' என்றது. அம்மாவும் மிளகும் இரண்டு பக்கமும் நெருக்கி உட்கார, அக்கா விரலை வைத்தாள்.

"நகர இளையோர் அணிக்குத் தேர்வான நம் குளத்து வீராங்கனை. ஈரத் தலையோடு கரையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கிறார். பக்கத்தில் அவருடைய தங்கை. கையில் நீளக் கம்பு. அடுத்து யாரைத் தட்டலாம் என்று பார்க்கிறார். மூக்கு சிவந்திருக்கிறது."

"சிவக்கலை!" என்று கத்தினாள் மிளகு. "நான் கோவமாவே இல்ல! பொய்யா எழுதியிருக்காரு!"

அக்கா கையை நீட்டி மிளகின் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். நன்றாகச் சூடாக இருந்தது.

"விளக்கம் சரியாத்தான்டி இருக்கு" என்று சொல்லிவிட்டு, லைக் பட்டனை அழுத்தினாள்.