செத்தவர் எட்டு நாற்பதுக்கு ஆஜர்!

போன் அலறியது.

கோவிந்தன் எடுக்கவில்லை. எடுக்க முடியாது... கழுத்தில் கம்ப்யூட்டர் லேன் ஒயர் இறுகிக் கிடந்தது!

கூட்டாளி மாதவராஜ் பிணத்தைத் தாண்டிப் போய் எடுத்தான்.

"சார்... வணக்கங்க சார்! இங்க ஒரு சின்ன பிரச்சினைங்க. மூணு மணிக்கு ஒப்பந்தக் கையெழுத்துக்கு டாண்ணு நிப்பேங்க!"

அட, பாவி மனுஷா! பிணத்தருகே நின்ற இன்ஸ்பெக்டர் யுவராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சின்ன பிரச்சினைங்களா? ஆறடி இருக்காருங்களே சார்!"

தருமபுரி பைபாஸில் எட்டே பேர் வேலை பார்க்கும் கம்பெனி. மலைக் கிராமத்து வேலைத்தளங்களில் முகத்தைப் படம் பிடித்து வருகை பதிகிற மெஷின் செய்கிறார்கள். பெங்களூர்ப் பெரிய கம்பெனி ஒன்று இவர்களைக் கூட்டுச் சேர்த்து அரசாங்க ஒப்பந்தம் பிடித்திருக்கிறது. இன்று கையெழுத்தானால் மாதவராஜ் ராஜா. ஆகாவிட்டால், மறுபடியும் கல்யாண மண்டபத்துக்கு கேமரா மாட்டப் போகவேண்டியதுதான்!

"காலைல ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவுல கொலைன்னு டாக்டர் சொல்றாரு. நீங்க எங்க இருந்தீங்க?"

"சித்தேரிங்க மேடம்! மெஷின் டிரையல். எட்டு நாப்பதுக்கு என் மொகம் பதிஞ்சிருக்கு, பாத்துக்கங்க!"

இங்கிருந்து சித்தேரிக்கு இரண்டு மணி நேரம் ஆகும். கெட்டிக்காரன்தான்.

"மெஷின் தப்பு பண்ணாதுங்களா?"

"சத்தியமா பண்ணாதுங்க!"

"எழுதிக் குடுங்க."

லெட்டர்பேடு பறந்து வந்தது. சீலும் விழுந்தது. கூட்டாளி செத்ததற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை... கையெழுத்து மட்டும் என்ன அழகு!

யுவராணி திரும்பினாள். மூலையில் தேவிப்பிரியா விசும்பிக்கொண்டிருந்தாள். மெஷினுக்கு ப்ரோகிராம் எழுதியவள். காலையில் பிணத்தை முதலில் பார்த்தவளும் அவள்தான்.

"அம்மாடி, இன்னைக்கு சித்தேரி லிஸ்டைத் தொறந்து காட்டு."

திரை ஒளிர்ந்தது.

மாதவராஜ்... எட்டு நாற்பது... ஆஜர்.

கோவிந்தன்... எட்டு நாற்பது... ஆஜர்!

"செத்து முக்கால் மணி நேரம் கழிச்சு மலையேறி இருக்காரு. பலே ஆளுங்க!"

மாதவராஜுக்கு வியர்த்தது. "அ... அந்த ஒரு வரி மட்டும் தப்புங்க..."

"இல்லீங்க மேடம்!" தேவிப்பிரியா வெடித்தாள். "மலைல சிக்னல் நிக்காதுங்க. டெமோவுல அசிங்கமாயிடும்னு இவருதான் மாத்தச் சொன்னாரு. மேஸ்திரி ஒருத்தரு மொகத்தைக் காட்டுனா போதும், லிஸ்ட்ல இருக்கற அத்தனை பேருக்கும் ஆஜர்னு பச்சை விழுந்துரும். கோவிந்தன் சார் பேரும் அதுல இருந்துச்சுங்க. மூணு மணிக்கு அதிகாரிங்க முன்னாடி இதைச் சொல்லிடப் போறேன்னு நேத்து அவரு சண்டை போட்டாருங்க!"

மெஷின் நிஜமென்றால் செத்தவன் நடக்கிறான். பொய்யென்றால் மாதவராஜ் சித்தேரிக்குப் போனதற்குச் சாட்சியே இல்லை!

மறுபடியும் போன் அலறியது. பெங்களூர் டைரக்டர்.

யுவராணி ஸ்பீக்கரைத் தட்டினாள். "பேசுங்க."

மாதவராஜ் ஓவென்று அழுதான். "சார்... போச்சுங்க சார்! மெஷின் பொய்யின்னு தெரிஞ்சுபோச்சு! இதை மறைக்கத்தான் கோவிந்தனையே முடிச்சேன்... ஒப்பந்தத்தை மட்டும் ரத்து பண்ணிடாதீங்க சார்!"

மறுமுனையில் சலிப்பு.

"யோவ், அறிவிருக்கா? வராத ஆளுக்கும் வருகை போடற மெஷினுன்னு டெமோ அன்னைக்கே எங்களுக்குத் தெரியும்யா! வராதவன் கூலிய அமுக்கலாம்னுதானே இத்தனை கம்பெனிய விட்டுட்டு உன்னைப் புடிச்சோம்? கோவிந்தன் சொல்லியிருந்தா நாங்க பேசிச் சமாளிச்சிருப்போம். இதுக்குப் போயி எவனாவது கொலை பண்ணுவானா?"

மாதவராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்தான். சும்மாவே கிடைத்திருக்க வேண்டிய கையெழுத்து... அதற்கு ஒரு கொலை!

"ஹலோ... பக்கத்துல யாருய்யா?"

"போலீஸுங்க சார்," என்றாள் யுவராணி. "நீங்களும் ஸ்டேஷனுக்கு வந்து சேருங்க. மேஸ்திரிய அனுப்பிடாதீங்க... எங்க லாக்கப்ல அவங்கவங்க மொகத்தை அவங்கவங்கதான் காட்டணும்!"