சில்வண்டு ஓய்ந்த மத்தியானம்

இது எனக்கு நினைவிருக்கிறபடியேதான் நடந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பாதியை அர்ச்சுனனே சொன்னான். மீதி, அவன் முகத்தைப் பார்த்து நானே புரிந்துகொண்டது. முப்பத்தெட்டாம் வருஷமாக இருக்கலாம்.

பட்டப்பகலில், பென்னாகரத்து வெயிலில், அவன் தலைக்குள் ஒரு சில்வண்டு கத்தத் தொடங்கியது.

காட்டுச்சாலை போட வந்த கூலிகளுக்குக் குளிர்காய்ச்சல் மருந்தான கொய்னா மாத்திரை கொடுக்கும் கம்பவுண்டர் அவன். மலையிலிருந்து கூலிக்கு வந்த தீர்த்தன் முன்பே இதைச் சொல்லியிருந்தான்.

"காதுக்குள்ள சில்வண்டு கத்துதுங்க சாமி."

"காட்டுல பொறந்தவனுக்குச் சில்வண்டு புதுசாடா? முழுங்கு."

கொய்னா அதிகமானால் உள்காதில் நாற்றுப்போல நிற்கும் நுண்மயிர்கள் சாய்ந்துவிடும், சாய்ந்தது திரும்ப நிமிராமலும் போகலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். காடுமேட்டில் திரிகிறவனுக்குக் காது எதற்கு என்று அர்ச்சுனன் சிரித்தான். தீர்த்தன் செவிடானபோது, வேலைக்குக் கள்ளம் என்றான்.

பிறகு அவனுக்கே காய்ச்சல் வந்தது. கூலிகளின் நோய் தன்னைத் தொட்டுவிட்ட அருவருப்பில், அளவு பாராமல் மாத்திரைகளை விழுங்கினான்.

சந்தைக்குக் கிளம்பிய அவன் மனைவி காசியம்மாள் வாசலிலேயே நின்று ஏதோ சொன்னாள். மறுபடி சொன்னாள். உதட்டைப் பார்த்துத்தான் புரிந்தது.

"புள்ள அழுதா எடுங்க."

இதைக்கூடச் சொல்லித்தர வேண்டுமா என்று முறைத்து அனுப்பினான்.

குழந்தை தூங்கிய தூளிக்கு முதுகைக் காட்டிப் பாயில் உட்கார்ந்தான். நாக்கில் கொய்னாவின் கசப்பும், பாயில் ஊறிய வேர்வை நாற்றமும், கூரை இடுக்கு வழியே முதுகில் விழுந்த வெயிலும், எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு அந்த ஓயாத ரீங்காரமுமாக நேரம் நகர்ந்தது. பின் ரீங்காரம் நின்றது. மருந்து வென்றுவிட்டது என்று நினைத்தான். இப்படியொரு அமைதியை அவன் அறிந்ததே இல்லை.

எதிர்ச்சுவரில் தூளியின் நிழல் ஆடியது.

காற்று, என்று நினைத்தான்.

வாசல் புளியமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

நிழல் துள்ளியது. முறுக்கியது. நின்றது.

வாசலில் பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள். மார்பில் அடித்துக்கொள்கிறாள். வாய் திறந்திருக்கிறது. சத்தமில்லை.

திரும்பினான்.

சேலை முறுக்கில் சின்னக் கழுத்து. அகலத் திறந்த வாய்.

குழந்தை பிழைக்கவில்லை. காசியம்மாள் கம்பைநல்லூர்த் தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவே இல்லை. தீர்த்தன் செவிடனாகவே மலைக்குப் போய்ச் சாமை விதைத்தான். அர்ச்சுனனுக்கு எந்தச் சத்தமும் கேட்காது, ஒன்றைத் தவிர. இன்றும் வழியில் போகிறவர்களை நிறுத்தி, வெற்றுத் தூளியைக் காட்டுகிறான்.

"அழுவுது. எடுங்க."