மூன்றாம் மாடியில் செத்த சிக்னல்

"ஐயோ... செத்துப்போச்சுங்க சார்!"

லோகப்பிரியாவின் அலறலில், லிஃப்ட்டை விட்டு வெளியே வந்த பேராசிரியர் பெனடிக்ட் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

ஆய்வகத்துக்குள் பாய்ந்தார்.

பிணம் இல்லை. ரத்தம் இல்லை. செத்தது கம்ப்யூட்டர் திரையில் இருந்த சிக்னல்!

சரவணம்பட்டிக் கல்லூரி ஒன்றின் மூன்றாவது மாடி அது. செமிகண்டக்டர் சிப்புக்குள் தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லிய ஓர் அடுக்கு. லேசர் பட்டால் அதில் ஓர் எலக்ட்ரான் எகிறும். அதுவும் அது விட்டுப்போன காலி இடமும் ஜோடி சேர்ந்து சுற்றும். அந்த ஜோடிதான் எக்ஸிட்டான். நிற்கிற ஜோடியைவிட நகர்கிற ஜோடிக்குக் காந்த குணம் அதிகம் என்பது லோகப்பிரியாவின் ஆராய்ச்சி. காந்தத்தை முடுக்கினால் திரையில் ஓடும் கோட்டில் உள்ள ஒரு மேடு இரண்டாகப் பிரிய வேண்டும்.

பிரியவில்லை. கலங்கிப்போய் ஒரே மேடு.

"இப்பத்தான் அழகா பிரிஞ்சு நின்னுச்சுங்க சார். சத்தியமாங்க!"

"நேத்தும் இதேதான் சொன்னே. நான் இல்லாதப்ப வருது... நான் வந்தா சாகுது! ஏன் அம்மணி?"

"தெரியலீங்க சார்..."

பெனடிக்டுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆளே கிடையாது!

போலி டேட்டா!

முழங்கால் வலியை முன்னிட்டு லிஃப்ட்டிலேயே கீழே இறங்கி, பிரின்சிபால் தேவானந்தத்துக்குப் போன் போட்டார்.

"சார்... என் ஸ்டூடண்ட் டேட்டாவுல தில்லுமுல்லு பண்றா. நாளைக்குக் கையும் களவுமா புடிச்சுத் தர்றேன்."

"அந்தப் புள்ளையோட பிஎச்.டி. போயிருமே பெனடிக்ட்! நல்லா யோசிச்சீங்களா?"

"நான் யோசிச்சா யோசிச்சதுதானுங்க சார்!"

மறுநாள் காலை.

லிஃப்ட் மணி அடித்தால் குற்றவாளி உஷாராகிவிடுவாள். ஆகவே படி!

முதல் மாடியில் மூச்சு வாங்கியது. இரண்டாவது மாடியில் மாதாவைக் கூப்பிட்டார். மூன்றாவது மாடியில் பிரின்சிபாலிடம் போனில், "வாங்க சார்!" என்று முனகிவிட்டுக் கதவை உதைத்தார்.

"அசையாதே! போலி டேட்டாவோட மாட்டிக்கிட்டே!"

லோகப்பிரியா அசையவில்லை. திரையிலும் எதுவும் அசையவில்லை... இரண்டு மேடுகள். பளிச்சென்று!

பெனடிக்ட் அவளை நகரச் சொல்லிவிட்டுத் தானே அளந்தார். பிரிந்தது. மறுபடியும் அளந்தார். மறுபடியும் பிரிந்தது!

"கருமத்தம்பட்டித் தறிச் சத்தத்துல உக்காந்து படிச்சவ நானுங்க. பொய் டேட்டா போடறதுக்கு எதுக்குங்க சார் இத்தன பாடு?"

அவள் குரல் உடைந்தது. பெனடிக்டுக்கு அவமானமாக இருந்தது. ஒரு நல்ல பெண்ணின் படிப்பையே முடித்துக்கட்டப் பார்த்தோமே!

டிங்!

சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் வந்து நின்றது.

திரையில் மேடுகள் நடுங்கின... ஒட்டின... செத்தன!

இருவரும் சுவரைப் பார்த்தார்கள்.

"சார்... லிஃப்ட்டு பூராவும் இரும்புங்க. பக்கத்துல வந்து நின்னா நம்ம காந்தப்புலம் கலங்கிப்போயிருமுங்க. நீங்க வர்றப்ப எல்லாம்..."

"நான்... லிஃப்ட்லதானே வருவேன்!"

கதவைத் திறந்துகொண்டு தேவானந்தம் நுழைந்தார்.

"எங்கய்யா குற்றவாளி?"

பெனடிக்ட் மெல்லக் கையைத் தூக்கினார்.

"நான்தானுங்க சார். லோகு... மன்னிச்சுரு கண்ணு. என்ன தண்டனை வேணாலும் குடு."

லோகப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இனிமே படியிலயே வாங்க சார். நகந்தா எக்ஸிட்டானுக்குக் காந்தம் கூடுதுங்க... உங்களுக்குத் தொப்பையாச்சும் குறையட்டுமுங்க!"