ஏழாவது வளைவில் மட்டும் டவர்

போன் அடித்தபோது முனிராஜின் ஆயுளில் இன்னும் ஐந்து நிமிடம் பாக்கி இருந்தது.

அது அவனுக்கும் தெரியாது. அரூர் லாட்ஜில் பல் துலக்கிக்கொண்டே போனை எடுத்த கவிப்பிரியாவுக்கும் தெரியாது.

"மேடம், நான் முனிராஜுங்க. ப்ளூ லேம்ப் ஃபீல்டு ஒர்க்கர்."

"காலைல ஆறு மணிக்கேவா? சொல்லுங்க."

"சித்தேரி மலைப் பாதைல ஏழாவது வளைவுல நிக்கறேங்க. இங்க மட்டும்தான் டவர் கிடைக்கும். லிஸ்ட்டைப் பார்த்து ரிப்போர்ட் எழுதிடாதீங்க மேடம். ஊருக்கு வந்து ஜனங்க கட்டை விரலைப் பாருங்க."

"கட்டை விரலா... எதுக்கு?"

"நேர்ல அல்லாத்தையும் சொல்றேங்க. நானும் தப்புப் பண்ணியிருக்கேன்." குரல் ஒரு கணம் நின்றது. "ஏதோ காரு வருது. வெச்சுடறேங்க."

வைத்துவிட்டான்.

அதன்பிறகு அவள் ஒன்பது முறை அடித்தாள். ஒன்பது முறையும் மணி மட்டும்தான் அடித்தது.

கவிப்பிரியா சென்னைக்காரி. ஊர் ஊராகப் போய்த் தர்ம ஸ்தாபனங்களின் கணக்கையும் பலனையும் எடைபோட்டுச் சொல்வது அவள் தொழில். இந்த முறை லண்டனில் இருக்கும் ப்ளூ லேம்ப் ரிலீஃப் அனுப்பியிருந்தது. சித்தேரி மலையில் டிபி வந்தவர்களுக்கு மாதா மாதம் மாத்திரையும் சத்துமாவும் கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம். ஆறு மாதத்தில் ஒன்றே கால் கோடி செலவு. நோயாளிகள் 212 பேர். பணம் போய்ச் சேர்ந்ததா, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று இன்று மாலை ஐந்துக்குள் அவள் சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த நாலு கோடி வரும்.

மாவட்டப் பொறுப்பாளர் மாதவராஜ் கொடுத்த லிஸ்ட்டில் 212 பேரும் குணம்.

அங்கேதான் அவளுக்கு உறுத்தியது. அந்த மாத்திரை வயிற்றைப் புரட்டும். நூற்றுக்குப் பத்துப் பேராவது பாதியில் விட்டுவிடுவார்கள். இங்கே ஒருத்தர்கூட விடவில்லையாம். மாத்திரை வாங்கியதற்கு அடையாளமாக மே முதல் செப்டம்பர் வரை ஆளுக்கொரு கைரேகை, கண்ணாடி மாதிரித் தெளிவாக!

அக்டோபர் தாள்கள் மட்டும் நேற்று மாலை ஆறு மணிக்கு ஆபீஸில் காலியாக இருந்தன. அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலித் தாளைப் பார்த்தால் பின்பக்க மூலையில் பென்சிலால் தேதியும் நேரமும் குறித்துவிடுவாள். பொடி எழுத்து. தேடினால்தான் கண்ணில் படும். பதினோரு தாளிலும் குறித்துவிட்டுத்தான் லாட்ஜுக்கு வந்திருந்தாள்.

ஒன்பதரைக்கு ஆபீஸுக்குப் போனாள்.

மாதவராஜ் வாசலிலேயே நின்றார். கண் சிவந்திருந்தது.

"முனிராஜ் போயிட்டான் மேடம். ஏழாவது வளைவுல பைக்கோட உருண்டுட்டான். பனி மூட்டம்... தங்கமான பையன்."

ஏதோ காரு வருது என்றானே!

போன் வந்ததை அவள் சொல்லவில்லை.

"பாவம், கடைசி வேலையையும் முடிச்சுட்டான்." மாதவராஜ் ஒரு ஃபைலை நீட்டினார். "அக்டோபர் ரேகை. நேத்து ராத்திரி ஏழு மணிக்கு இங்க வந்து குடுத்துட்டுத்தான் மலைக்குப் போனான்."

புரட்டினாள். 212 ரேகை. ஊதா மை. பின்பக்க மூலையில் அவளுடைய பென்சில் எழுத்து.

அதே தாள்கள். ஆறு மணிக்குக் காலி. ஏழு மணிக்கு 212 பேரா?

"சார், நான் ஒருதரம் சித்தேரி போயிட்டு வந்துடறேன்."

"எதுக்குங்க? சாயந்திரம் ரிப்போர்ட் அனுப்பணுமே."

"நோயாளி ஒருத்தரையாவது நேர்ல பார்த்தேன்னு எழுதணும். லண்டன்ல கேப்பாங்க."

மாதவராஜ் ஒரு நொடி யோசித்தார். பிறகு சிரித்தார்.

"நானே ஓட்டிட்டு வரேன் மேடம். தனியா எங்க அலைவீங்க?"

ஏழாவது வளைவில் போலீஸ் ஜீப் நின்றது. பள்ளத்திலிருந்து உடலை அப்போதுதான் மேலே கொண்டுவந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ராஜாமணி தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போர்வைக்கு வெளியே ஒரு இடது கை தொங்கியது. கட்டை விரல் முழுக்க ஊதா மை. அதன் குறுக்கே பழைய அரிவாள் வெட்டுத் தழும்பு ஒன்று.

"விரல்ல என்னங்க மை?" என்றார் ராஜாமணி.

"ரேகை வாங்கற வேலைங்களே சார், ஒட்டியிருக்கும்." மாதவராஜ் பதிலைத் தயாராக வைத்திருந்தார்.

"மை டப்பா எதுவும் பைல இல்லீங்களே."

"பள்ளத்துல விழுந்திருக்கும்."

ராஜாமணி கவிப்பிரியாவின் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

சித்தேரியில் லிஸ்ட்டின் முதல் பெயர் சந்தியா, வயது பத்தொன்பது. நிலை: குணம்.

குணமான சந்தியா கயிற்றுக் கட்டிலில் சுருண்டு படுத்து இருமிக்கொண்டிருந்தாள். தோள் எலும்பு ரவிக்கைக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றது. அவள் அம்மா கோவிந்தம்மாள் சாமை புடைப்பதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

மாதவராஜ் காருக்குப் பக்கத்தில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். பார்வை மட்டும் இங்கேயே இருந்தது.

"மாத்திரை வருதாம்மா?"

"ரெண்டு மாசம் வந்துச்சு கண்ணு. அப்புறம் நின்னுபோச்சு. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். கம்ப்யூட்டர்ல உம்பொண்ணு குணமாயிட்டாள்னு போட்டிருக்குது, மறுபடி எப்படிக் குடுக்கறதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இருமிக்கிட்டு நிக்கறவளைப் பார்த்து இல்லாத சீக்குங்கறாங்களே... எம்புள்ளை செத்துப்போவும்மா."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். கவிப்பிரியாவுக்கும் கண் கலங்கியது. ஆத்திரமும் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"உங்க கட்டை விரலைக் காட்டுங்கம்மா."

காட்டினாள். வருஷா வருஷம் புளியும் கடுக்காயும் உடைத்துத் தேய்ந்த விரல். வழவழவென்று இருந்தது. பையிலிருந்த மைப் பட்டையில் ஒற்றித் தாளில் வைக்கச் சொன்னாள் கவிப்பிரியா.

வெறும் ஊதாத் திட்டு. ஒரு கோடுகூட விழவில்லை.

"எங்க மலைல பெரியவங்க யாருக்கும் ரேகை விழாது கண்ணு. ரேஷன் கடை மெஷின்லயே விழாம, கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்கறோம்."

லிஸ்ட்டில் கோவிந்தம்மாள் வயதுக்காரர்கள் மட்டும் நூறு பேருக்கு மேல். அத்தனை பேருக்கும் கண்ணாடி மாதிரி ரேகை! கவிப்பிரியா பையில் கொண்டுவந்திருந்த ரேகைத் தாள்களைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். மே... ஜூன்... ஜூலை... ஒவ்வொரு ரேகையிலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.

அரிவாள் தழும்பு.

"முனிராஜ் உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாராம்மா?"

"நேத்து மதியம் மூணு மணிக்கே வந்துட்டான். சொந்தக் காசுல பத்து நாளு மாத்திரை வாங்கியாந்தான். ராத்திரி எங்க வூட்டுலதான் படுத்தான். விடியக்காலம்தான் போனான்." குரலைத் தாழ்த்தினாள். "அல்லா ரேகையும் என் விரலுதான் ஆத்தா, மாதவராஜ் சார் மிரட்டி வெக்கச் சொன்னாரு, இந்த மாசம் வெக்க மாட்டேன்னுட்டேன், அப்படின்னு சொல்லி அழுதான்."

கவிப்பிரியா அக்டோபர் தாளை எடுத்துப் பார்த்தாள். அதிலும் அதே வெள்ளைக் கோடு.

வைக்க மாட்டேன் என்றவனின் ரேகை அக்டோபர் தாளில் இருக்கிறது. நேற்று மூன்று மணியிலிருந்து அவன் மலையை விட்டு இறங்கவில்லை. ஆறு மணிக்குத் தாள் அரூர் ஆபீஸில் காலியாக இருந்தது. அப்படியானால் விரல் தாளைத் தேடிப் போகவில்லை. தாள்தான் விரலைத் தேடி மலை ஏறியிருக்கிறது.

காரில்.

செல்போனைப் பார்த்தாள். டவர் இல்லை. கீழே போக இருப்பது ஒரே ஒரு கார். ஓட்டப்போவது கொலைகாரன்!

அப்போதுதான் மலை பஸ் ஹாரன் அடித்தது. இந்த மலையில் கடிதம், மருந்து, கல்யாணப் பத்திரிகை எல்லாமே டிரைவர் மாதுவின் சீட்டுக்குப் பக்கத்தில்தான் பயணம் செய்யும். ஒரு தாளில் நாலு வரி எழுதி, கவரில் போட்டு ஒட்டினாள்.

"அண்ணா, இதைக் கீழ சேர்த்துடுங்க."

"என்ன மேடம் அது?" பக்கத்தில் மாதவராஜின் குரல்.

"லாட்ஜ் சாவி சார். பன்னெண்டுக்குள்ள காலி பண்ணணுமாம்."

மாது கவரின் மேல் எழுதியிருந்த பெயரைப் படித்தான். அவளைப் பார்த்தான். கியரைப் போட்டான்.

"கிளம்பலாமா?" என்றார் மாதவராஜ்.

"சந்தியாவும் அவங்கம்மாவும் வராங்க சார். ஆஸ்பத்திரிக்கு."

அவர் முகம் சுருங்கியது. மறுக்க முடியவில்லை.

ஏழாவது வளைவில் இப்போது ஜீப் இல்லை. மாதவராஜ் காரை நிறுத்தினார்.

"இங்கதான் டவர் கிடைக்கும். இறங்குங்க மேடம், ரிப்போர்ட்டை அனுப்பிடலாம்."

இறங்கினாள். நாலடி தள்ளிப் பள்ளம். கார்க் கதவைச் சாவியால் பூட்டிவிட்டுப் பின்னாலேயே வந்தார். கண்ணாடிக்குள்ளிருந்து கோவிந்தம்மாள் தட்டினாள்.

"212 பேரும் குணம்னு அடிங்க. நாலு கோடில உங்களுக்கும் பங்கு உண்டு."

"சந்தியா குணமாகலையே சார்."

"ஒரு பொண்ணுக்காக நாலு கோடியை விடுவாங்களா யாராச்சும்?"

"முனிராஜ் விட்டாரே."

மாதவராஜின் முகத்திலிருந்த மரியாதை கழன்று விழுந்தது.

"அவனும் இதே எடத்துல நின்னுதான் பேசுனான். வெக்க மாட்டேன்னான். தள்ளிட்டு, எறங்கிப் போயி நானே அவன் விரலை எடுத்து வெச்சேன். என் விரலை வெச்சா மாட்டிக்குவேன் பாரு." ஒரு அடி முன்னால் வந்தார். "உன்னைத் தள்ளறதுக்கும் ரெண்டு நிமிசம்தான்."

"அவ்வளவு நேரமெல்லாம் கிடைக்காதுங்க."

குரல் வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. இன்ஜினை அணைத்து நின்றிருந்த மலை பஸ்ஸின் பின்னாலிருந்து ராஜாமணி நடந்து வந்தார். கையில், அவள் மாதுவிடம் கொடுத்தனுப்பிய கவர், பிரித்தபடி. பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். ஜன்னல் ஜன்னலாகச் சித்தேரி ஜனம்.

"நாப்பது சாட்சிங்க மேடம்," என்றார் ராஜாமணி. "எல்லாருக்கும் காது நல்லா கேக்கும்."

ஜீப்பிலேயே சந்தியாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கவிப்பிரியா அங்கிருந்தே, ஐந்து மணிக்கு எட்டு நிமிடம் இருக்கையில் லண்டனுக்கு அனுப்பினாள்.

'எத்தனை பேர் குணமானார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு பெண் குணமாகவில்லை என்பது மட்டும் உறுதி. பணத்தை நிறுத்தாதீர்கள். ஆளை மாற்றுங்கள். 212 பேரையும் முதலிலிருந்து பரிசோதியுங்கள்.'

நகலை டியூட்டி டாக்டரிடம் நீட்டினாள். அவர் படித்தார். கம்ப்யூட்டரில் 'குணம்' என்ற சொல்லை அழித்தார். சந்தியாவுக்குப் படுக்கை போடச் சொன்னார்.

இரவு ஏழு மணிக்கு ஸ்டேஷனில் மாதவராஜின் எதிரே வாக்குமூலத்தை நீட்டினார் ராஜாமணி. மாதவராஜ் பேனாவைத் தேடினார்.

"கையெழுத்து அப்புறம். மொதல்ல ரேகை வைங்க." ராஜாமணி மைப் பட்டையைத் தள்ளினார். "இந்த ஒரு தடவையாச்சும் சொந்த விரலை வைங்க சார்."