மேனேஜரின் பச்சைக் கூரை

அப்பாவின் சைக்கிள் கடையில் ஒரு மேனேஜர் இருந்தார். நான்கு கால், ஒரு வால், ஊர்ப்பட்ட சோம்பல் கொண்ட நாய். கடை வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு, வருவோர் போவோரை அரைக்கண்ணால் பார்ப்பதுதான் அவர் வேலை.

ஒருநாள் முட்டைக்காரர் பஞ்சர் ஒட்ட வந்தார். மேனேஜர் படுத்திருந்ததைக் கவனிக்காமல் தடுக்கி விழுந்தார். முட்டைத் தட்டு பறந்தது. மேனேஜர் நிதானமாக எழுந்து தரையைச் சுத்தமாக நக்கி முடித்தார்.

அம்மா தலையில் கைவைத்தாள். "இன்னைக்கு முட்டை உடைஞ்சுது. நாளைக்கு யாராவது காலை உடைச்சுக்கிட்டா? லீவுக்கு என் தம்பி வருவான்ல, அவனோடயே இவனை அனுப்பிடலாம்."

வாண்டு ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். வீட்டில் எல்லாரும் அவர்களுடைய குட்டி மகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"பின்னாடிதான் அவனுக்குக் கூண்டு இருக்கேம்மா."

"இருந்து என்ன? உள்ளே போகவே மாட்டேங்கிறான்."

ஏன் போவதில்லை? வாண்டு நடுப்பகலில் போய்க் கூண்டுக்குள் தலையை நுழைத்தாள். நுழைத்த வேகத்தில் வெளியே எடுத்தாள். தகரக் கூரை, உள்ளே அடுப்பாகக் கொதித்தது.

வாடிய முகத்தோடு வந்து சமையலறை ஜன்னல் திண்டில் கை வைத்தாள். அதுவும் சுட்டது. ஆனால் ஓர் இடம் மட்டும் சுடவில்லை. அங்கே அம்மாவின் பாறைச்செடி தொட்டியிலிருந்து வழிந்து, திண்டை மூடிப் படர்ந்திருந்தது. குட்டிக் குட்டியாகத் தடித்த இலைகள்; ஒவ்வொன்றும் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும். ஆசிய நாடுகளின் மலைப்பாறைகளில் வளரும் செடி. வெயில், குளிர் எதற்கும் அசராது.

"அம்மா, இதுல கொஞ்சம் கிள்ளிக்கவா?"

"கிள்ளிக்கோ. மண்ணுல போட்டா போதும், தானா வேர் விடும். தண்ணியை மட்டும் ரொம்ப ஊத்தாதே, அழுகிடும்."

வாண்டு கூண்டின் கூரையில் மண்ணைப் பரப்பிச் செடித்துண்டுகளைப் பதித்தாள். அன்று மாலையே மழை கொட்டியது. சாய்வான கூரையிலிருந்து மண் முழுவதும் வழுக்கி, வேடிக்கை பார்க்க வந்த மேனேஜரின் தலையில் விழுந்தது. அவர் ஓடிப்போய் அப்பாவின் வெள்ளைச் சட்டைக்குப் பக்கத்தில் உடம்பை உதறினார்.

"ஏற்கெனவே அவன் பேர்ல புகார் இருக்கு. இதுவேறயா?" என்று அப்பா சட்டையைப் பார்த்தார்.

வாண்டுக்கு அழுகை முட்டியது. கடை மூலையில் கிடந்த பழைய டயர்கள் கண்ணில் படும் வரைதான்.

"அப்பா, இதெல்லாம் வேணுமா?"

"தூக்கிப்போட வேண்டியதுதான். எடுத்துக்கோ."

குட்டிச் சைக்கிள்களின் டயர்களைக் கூரையில் வரிசையாகப் படுக்க வைத்தாள். பழைய ட்யூப்களை நீளமாக வெட்டி, டயர்களைக் கூண்டோடு சேர்த்துக் கட்டினாள். ஒவ்வொரு டயருக்குள்ளும் மண்ணும் மணலும் கலந்து நிரப்பிச் செடிகளை நட்டாள். அடுத்த மழைக்கு மண் நகரவே இல்லை.

செடி டயரைத் தாண்டியது, தகரத்தை மூடியது, மஞ்சள் நட்சத்திரமாகப் பூத்தது.

லீவு வந்தது. கையில் கயிற்றோடு மாமாவும் வந்தார். வாண்டு அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கே அக்கா உங்க மேனேஜர்? வாசல்ல காணோமே?"

எல்லாரும் தேடினார்கள். மேனேஜர் கூண்டுக்குள் கால் பரப்பிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மாமா குனிந்து உள்ளே கைவிட்டார். "அக்கா, இங்கே பாரேன். வெளியே வெயில் மண்டையைப் பிளக்குது. உள்ளே ஜில்லுனு இருக்கு."

அம்மாவும் கைவிட்டுப் பார்த்தாள். அப்படியே மேனேஜரின் காதைத் தடவிக் கொடுத்தாள்.

"இவன் இங்கேயே இருக்கட்டும்டா," என்றாள். "எனக்கும் இவன் இல்லாம பொழுது போகாது."

வாண்டு அம்மாவின் இடுப்பை இறுகக் கட்டிக்கொண்டாள்.

மாமா தலையைச் சொறிந்தார். "என் கோழிக்கூண்டும் தகரம்தான் வாண்டு. எனக்கும் கொஞ்சம் கிள்ளிக் குடேன்."

வாண்டு ஒரு பை நிறையக் கிள்ளிப் போட்டாள். மேனேஜரைக் கட்ட வந்த கயிற்றை மாமாவிடமிருந்து வாங்கி, அந்தப் பையின் வாயை இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள்.